குடைக்கடைப் பெண்ணும் ஆஸ்பத்திரி சீதாவும்

– இரண்டாம் ஆண்டு மாணவி, அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு (இருக்கன்குடி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டதும், ‘ஆப்செட் அச்சு முறை – ஒரு பார்வை’ என்றுதான் நான் எழுதுவேன் என்று எங்கள் பிரிவில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வழியில் ஒரு பிரெஞ்சுக் காதல் படம் குறுக்கே வந்துவிட்டது. அச்சு மெஷினுக்கும் காதல் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1. நாலு பிளேட்டும் மூன்று பிலிமும்

சிவகாசியில் காலண்டர் அச்சாவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். முருகன் படமோ லட்சுமி படமோ, முதலில் அதை நாலாகப் பிரிக்கிறார்கள். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒரு பிளேட். பிளேட்டை மட்டும் தனியாகப் பார்த்தால் அதில் நிறமே கிடையாது, வெறும் புள்ளிகள்தான். நாலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் சாமி முகத்தில் சிரிப்பு வரும். மயிரிழை விலகினாலும் “ரெஜிஸ்டர் போச்சு, மெஷினை நிறுத்து” என்று சத்தம் வந்துவிடும். இதைத்தான் நாங்கள் ‘கலர் செபரேஷன்’ என்று படிக்கிறோம்.

இந்தப் பாடத்துக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. இதே வித்தை ஒரு முழு சினிமாவையே காப்பாற்றியிருக்கிறது! 1964-இல் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் ‘செர்பூர் நகரத்துக் குடைகள்’. இயக்கியவர் ழாக் தெமி. அந்தக் காலத்து ஈஸ்ட்மென் கலர் நெகட்டிவில் உள்ள சாயம் வருடம் போகப் போக வெளுத்துவிடும். வெயிலில் காய்ந்த போஸ்டர் மாதிரி. இதை யோசித்து தெமி, படத்தின் நிறங்களைப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளைப் பிலிம்களில் பதிவு செய்து வைத்தார். கறுப்பு வெள்ளைப் பிலிமில் உருவத்தைத் தாங்குவது வெள்ளித் துகள். சாயம் இல்லாததால் அது சீக்கிரம் வெளுக்காது. தெமி 1990-இல் இறந்துபோனார். அதன்பின் அவர் மனைவியும் இயக்குநருமான அக்னெஸ் வர்தா முன்நின்று, அந்த மூன்று பிலிம்களையும் ஒன்று சேர்த்து, பழைய நிறங்களோடு படத்தை மீட்டெடுத்தார். நம் பாஷையில் சொன்னால், முப்பது வருடத்துக்குப் பிறகும் ரெஜிஸ்டர் விலகாமல் உட்கார்ந்துவிட்டது!

ஒரு காதல் கதைக்கு இவ்வளவு மெனக்கெடலா என்று தோன்றியது. விடுதியில் ஒரு தோழியின் லேப்டாப்பில், ஆங்கில சப்டைட்டிலோடு, ஆறு பேர் உட்கார்ந்து பார்த்தோம்.

2. செர்பூரில் ஒரு மெக்கானிக்

செர்பூர் என்பது பிரான்சின் வட கரையில் உள்ள துறைமுக ஊர். கதை 1957-இல் தொடங்குகிறது. கதாநாயகன் கீ, கார் ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். (மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் இப்போது நிமிர்ந்து உட்காரலாம்!) கதாநாயகி ஜெனவியேவ், அம்மாவோடு குடைக்கடையில் இருக்கும் பெண். வயது பதினேழுதான். நடித்தவர் கத்ரீன் தெனவ்.

இந்தப் படத்தில் வசனம் என்று தனியாகக் கிடையாது. முதலிலிருந்து கடைசிவரை எல்லாமே பாட்டு. இசை மிஷெல் லெக்ரான். காதல் பேச்சு மட்டுமில்லை, என்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்போது கொஞ்சம் தட்டுகிறது என்று ஒர்க் ஷாப்பில் பேசிக்கொள்வதும் பாட்டாகத்தான் வருகிறது. முதல் பத்து நிமிடம் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. 1930-களின் தமிழ்ப் படங்களில் பாதிப் படம் பாட்டுதானே! நம் கூத்தும் அப்படித்தானே! நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

கீயைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அப்போது அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடந்தது (1954 – 1962). பிரெஞ்சு இளைஞர்கள் கட்டாயமாக அங்கே போக வேண்டியிருந்தது. அவன் ரயில் ஏறிப் போன பிறகு அவள் கர்ப்பமாக இருப்பது தெரிகிறது. கடிதமோ அபூர்வம். அம்மாவுக்குக் கடன் தொல்லை. நகையை விற்கப் போன இடத்தில் ரோலான் என்கிற வைர வியாபாரி அறிமுகமாகிறான். நல்ல மனிதன். குழந்தையைத் தன் குழந்தையாக வளர்க்கிறேன் என்கிறான். கல்யாணம் நடக்கிறது.

கீ காலில் காயத்தோடு திரும்பி வருகிறான். குடைக்கடை கைமாறிப் போயிருக்கிறது. கொஞ்ச நாள் குடி, வேலையில் சண்டை என்று அலைகிறான். அவனை வளர்த்த அத்தையும் இறந்துபோகிறாள். அந்த அத்தையை உடனிருந்து கவனித்த மாடலின் என்கிற அமைதியான பெண்ணை மணக்கிறான். அத்தை விட்டுப்போன பணத்தில் பெட்ரோல் பங்க் வைக்கிறான்.

கடைசிக் காட்சி 1963 டிசம்பர், கிறிஸ்துமஸ் சமயம், பனி கொட்டும் இரவு. ஒரு பெரிய கார் பெட்ரோல் போட வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவள் ஜெனவியேவ். பக்கத்தில் அவர்கள் இருவருக்கும் பிறந்த மகள். குழந்தையைப் பார்க்கிறாயா என்று அவள் கேட்கிறாள். அவன் வேண்டாம் என்று தலையசைக்கிறான். நன்றாக இருக்கிறாயா என்கிறாள். நன்றாக இருக்கிறேன் என்கிறான். கார் போய்விடுகிறது. கடைக்குப் போயிருந்த மாடலினும் சின்ன மகனும் வருகிறார்கள். அவன் மகனோடு பனியில் விளையாடுகிறான். அவ்வளவுதான் படம்!

எங்கள் ஆறு பேரில் நாலு பேர் அழுதோம். ஒருத்தி மட்டும் “அவ துரோகிடி, ரெண்டு வருசம் பொறுக்க முடியலையா?” என்று கோபப்பட்டாள். அன்று ராத்திரி ஒரு மணி வரை அந்தப் பட்டிமன்றம் ஓயவில்லை.

3. நம்ம ஊர் ஆஸ்பத்திரி

லீவில் ஊருக்குப் போனபோது இந்தக் கதையை அம்மாச்சியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “இதென்ன அதிசயம்? எங்க காலத்துல முத்துராமன், தேவிகா நடிச்ச ஆஸ்பத்திரிப் படத்தைப் போய்ப் பாரு” என்றது. அம்மாச்சி சொன்னது ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. இயக்கியவர் ஸ்ரீதர். வெளிவந்தது 1962, பிரெஞ்சுப் படத்துக்கு இரண்டு வருடம் முன்னால்!

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வேணு என்கிறவருக்குப் புற்றுநோய். மனைவி சீதா அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறாள். அங்கே இருக்கும் டாக்டர் முரளி, ஒரு காலத்தில் சீதாவைக் காதலித்தவர். இன்னும் மறக்காதவர். முரளியாக கல்யாண்குமார், வேணுவாக முத்துராமன், சீதாவாக தேவிகா. பழைய காதல் வேணுவுக்குத் தெரிய வருகிறது. அவர் கோபப்படவில்லை. நான் இறந்துபோனால் நீ அந்த டாக்டரைக் கட்டிக்கொள் என்கிறார். சீதா துடித்துப்போகிறாள். அதே சமயம், இந்த டாக்டர் மனசாட்சியோடு என் கணவரைப் பிழைக்க வைப்பாரா என்ற பயமும் அவளுக்கு வருகிறது. அந்த பயத்துக்கு முரளி வாயால் பதில் சொன்னால் போதுமா? ராத்திரி பகலாகப் படித்து, உழைத்து, ஆபரேஷனை வெற்றியாக முடிக்கிறார். அந்த உழைப்பிலும் மன அழுத்தத்திலும் அவர் உயிர் போய்விடுகிறது.

ஒரு டெக்னிக்கல் செய்தி. இந்தப் படம் ஏறக்குறைய முழுவதும் ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள் நடக்கிறது. வாகினி ஸ்டுடியோவில் போட்ட செட் அது. ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களில் படப்பிடிப்பு முடிந்துவிட்டது. ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். சுசீலா அம்மா பாடும் ஒரு பாட்டில் கேமரா நோயாளியின் கட்டிலுக்கு அடியில் புகுந்து போகும். இன்றைக்கும் அதை வைத்து ஒளிப்பதிவுக்காரர்கள் பேசுகிறார்கள். இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி, பாடல்கள் கண்ணதாசன். அடுத்த வருடமே, 1963-இல், ஸ்ரீதர் இதை ‘தில் ஏக் மந்திர்’ என்று இந்தியில் எடுத்தார்.

ஒரே செட், கொஞ்ச நாள், கறுப்பு வெள்ளை. அங்கே செர்பூரில் ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் வண்ணம் பூசி, சுவர்க் காகிதத்துக்குப் பொருத்தமாக கதாநாயகிக்கு உடை தைத்து எடுத்தார்கள். இரண்டு வழியிலும் மனசைத் தொட முடிந்திருக்கிறது. கையில் உள்ள வசதியை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

நம் பகுதிக்கு இந்தப் படம் கூடுதலாக நெருக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டாசு ஆலை விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்காத தெரு எங்கள் பக்கம் குறைவு. உள்ளே ஒருவர் படுத்திருக்க, வெளியே பெஞ்சில் ஒரு பெண் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்களுக்குச் சினிமாக் காட்சி இல்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்வார் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அந்தப் பெண்ணுக்கு மிச்சம். சீதாவின் பயம் அம்மாச்சிக்கு ஏன் அறுபது வருடமாக மறக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

4. ஈர்ப்பு எங்கே இருக்கிறது?

காதல் ஜெயிக்கிற படம் ஆயிரம் வந்து போயிருக்கிறது. காதல் கைகூடாத இந்த இரண்டு படங்களை மட்டும் ஏன் இத்தனை காலம் கழித்தும் பார்க்கிறார்கள்? ரெக்கார்டு நோட்டில் எழுதுவது போல் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டிலும் வில்லன் கிடையாது. வேணு நல்லவர், முரளியும் நல்லவர். ரோலான் நல்லவன், கீயும் நல்லவன். மகளை வைர வியாபாரிக்குக் கட்டிக் கொடுக்க நினைக்கும் அம்மாகூடக் கெட்டவள் இல்லை, கடன்காரி. நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே? யாரையாவது ஒருவரைத் திட்டிவிட்டால் நமக்கு மனசு லேசாகிவிடும். இங்கே திட்டுவதற்கு ஆள் இல்லை. அதனால்தான் படம் முடிந்த பிறகும் பாரம் இறங்குவதில்லை.

இரண்டாவது, காதலுக்குச் சோதனை வருகிற இடம் பூங்காவோ கடற்கரையோ இல்லை, வேலை செய்கிற இடம். முரளிக்கு ஆபரேஷன் தியேட்டர், கீக்குப் பெட்ரோல் பங்க். தன்னைவிட்டுப் போன பெண்ணின் கணவர் உடம்பில் கத்தி வைக்கும்போது கை நடுங்கக் கூடாது. தன்னைவிட்டுப் போன பெண்ணே வண்டியோடு வந்து நின்றாலும் முகம் கோணக் கூடாது. தொழில் படிக்கிற நமக்கு இது புரியும். மனசு எப்படி இருந்தாலும் மெஷின் முன்னால் நின்றால் ஒழுங்காக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் போய்விடும்.

மூன்றாவது, இழந்தவர்கள் யாரும் சின்னத்தனமாக நடந்துகொள்ளவில்லை. முரளி சீதாவிடம் எதையும் உரிமையாகக் கேட்கவில்லை. கீ பழைய கதையை எடுத்துவைத்துச் சண்டை போடவில்லை. விரும்பியதால் அவள் எனக்குச் சொந்தம் என்ற எண்ணம் இரண்டு பேருக்கும் இல்லை. நம்முடைய எத்தனையோ படங்களில் பெண் வேண்டாம் என்ற பிறகும் பின்னாலேயே போகிறவன்தான் கதாநாயகன்! மாட்டேன் என்று சொன்னதற்காகப் பெண்கள் மேல் ஆசிட் வீசிய செய்திகளையும், வெட்டிய செய்திகளையும் நாம் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படிப்பட்டவனும் ‘காதலித்தேன்’ என்றுதான் சொல்கிறான். தோழர்களே, டாக்டர் முரளி பக்கத்தில் அவனை நிறுத்திப் பாருங்கள்.

5. ஒரு பெரிய வித்தியாசம்

இரண்டு படத்துக்கும் நடுவே ஒரு இடத்தில் பாதை பிரிகிறது. நம் படம் காதலனைச் சாகடித்துவிட்டது. பிரெஞ்சுப் படம் வாழவிட்டது. காதலுக்காக உயிர் போவதெல்லாம் சினிமாவில்தான் என்ற பொருளில் அந்த அம்மா மகளிடம் சொல்கிற ஒரு இடம் வருகிறது. அதைக் கேட்டபோது சிரித்தோம். நம் படத்தைப் பார்த்த பிறகு அது சிரிப்பாக இல்லை.

முரளி இறந்ததும் அவரைச் சாமியாக்கிக் கும்பிட்டு எழுந்து வந்துவிடலாம். கீயை அப்படிக் கும்பிட முடியாது. அவன் மறுநாள் காலையில் பங்க்கைத் திறக்க வேண்டும், பாக்கி வாங்க வேண்டும், மகனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். எது கடினம்? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். அம்மாச்சி இதை ஒத்துக்கொள்ளவில்லை. “செத்தாத்தான்டி மனசுல நிப்பான்” என்றது. இருக்கலாம். ஆனால் நம் வயதுப் பிள்ளைகள் காதல் போனதென்று உயிரை விடுவதைக் கேள்விப்படும்போது, மனசில் நிற்பதற்காக யாரும் சாக வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெட்ரோல் பங்க் வைத்தவனும் அறுபது வருடமாக மனசில் நிற்கிறானே!

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். கீ மாதிரி எழுந்து நிற்பது எல்லோராலும் முடியுமா? இதற்கு நம் பக்கத்து மெக்கானிக் ஒருவனைப் பார்க்க வேண்டும். 2004-இல் வந்த பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ படத்து முருகன். மதுரையில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவன். பரத் நடித்தார். பள்ளிக்கூடப் பெண் ஐஸ்வர்யாவாக சந்தியா. இருவரும் சென்னைக்கு ஓடிப்போகிறார்கள். பணமும் சாதி பலமும் உள்ள அவள் வீட்டார் ஏமாற்றி அழைத்து வந்து, அவனை அடித்து நொறுக்கி, அவளுக்கு வேறு கல்யாணம் செய்துவைக்கிறார்கள். பிறகு ஒருநாள் கணவனோடு போகும் வழியில், ரோட்டில் பைத்தியமாக அலையும் முருகனை அவள் பார்க்கிறாள்.

டாக்டர் செத்தார். மதுரை மெக்கானிக் பைத்தியமானான். செர்பூர் மெக்கானிக் பங்க் வைத்தான். முருகனுக்குத் தைரியம் போதவில்லை என்று சொன்னால் அது அநியாயம். கீயிடமிருந்து அவன் காதலியைப் பிரித்தது போரும் வறுமையும். ஆனால் பிரித்த பிறகு யாரும் அவனைக் கட்டிவைத்து அடிக்கவில்லை. முருகனின் புத்தியைக் கெடுத்தது காதல் இல்லை, சாதி வெறியின் அடி. ஆக, இழந்தவன் எழுந்து நிற்க மனவலிமை மட்டும் போதாது. சுற்றி இருக்கிறவர்கள் எழுந்திருக்க விட வேண்டும். மாடலின் மாதிரி ஒரு ஆள் வேண்டும், ஒரு தொழில் வேண்டும், கொஞ்சம் பணமும் வேண்டும்.

6. நமக்கு என்ன?

தோழியரே, இந்தப் பகுதி முக்கியமாக உங்களுக்கு.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறது, அப்பா லோடு ஏற்றுகிறார். பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். “ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கே படிப்பு நின்னுரும், பாத்துக்கோ.” நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே வார்த்தை! எங்கள் தெருவில் எனக்கு முந்தின செட்டில் படித்த ஒரு அக்கா, கணக்கில் கெட்டிக்காரி. எவனோ ஒருவன் அனுப்பிய மெசேஜ் வீட்டார் கண்ணில் பட்டது. அவள் பதில்கூட அனுப்பவில்லை. அந்த மாதமே பள்ளிக்கூடம் நின்று, அடுத்த வைகாசியில் கல்யாணம் முடிந்துவிட்டது. அவன் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பயம் அம்மாவுக்கு ஊர் கொடுத்தது. ஆனால் காதல் என்ற சொல் காதில் விழுந்தாலே பெண்ணின் புத்தகத்தைப் பிடுங்குகிற வழக்கம் இருக்கும்வரை, அவள் தவறு செய்தாளா இல்லையா என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஜெனவியேவை யோசித்துப் பாருங்கள். பதினேழு வயதில் கையில் தொழில் இல்லை, சம்பாத்தியம் இல்லை. அம்மாவின் கடனும் வயிற்றில் பிள்ளையும்தான் அவளுக்காக முடிவெடுத்தன. அவள் கையில் ஒரு டிப்ளமோவும் ஒரு வேலையும் இருந்திருந்தால் காத்திருப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்திருப்பாள். எந்த முடிவாக இருந்தாலும் அது அவள் முடிவாக இருந்திருக்கும். துரோகி என்று சொன்ன தோழிக்கு அன்றைக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான்.

ஆகவே நான் சொல்ல வருவது இது. காதலிக்காதே என்று உபதேசம் செய்ய எனக்குத் தகுதியும் இல்லை, ஆசையும் இல்லை. காதலி என்றும் சொல்லவில்லை. வந்தால் வரட்டும், கைகூடினால் சந்தோஷம். கைகூடாவிட்டால் அதோடு வாழ்க்கை முடிந்துவிடாது. தோழர்கள் ‘மாட்டேன்’ என்ற சொல்லை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும். தோழியர் எது வந்தாலும் செமஸ்டர் பரீட்சையை விட்டுவிடக் கூடாது. நம் வகுப்பில் ஒருத்தி திடீரென்று வராமல் போனால், அட்டெண்டன்ஸில் ஆப்சென்ட் போடுவதோடு விட்டுவிடாமல் நாலு பேர் சேர்ந்து, கூட ஒரு ஆசிரியையையும் அழைத்துக்கொண்டு, அவள் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். நம் மாணவர் சங்கம் இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்தால் நன்றாக இருக்கும்.

படம் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பாருங்கள், பிறகு பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள். முடிந்தால் வீட்டில் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான் அம்மாச்சியையும் அம்மாவையும் வைத்துத்தான் பார்த்தேன். பிரெஞ்சுப் படத்தில் பாஷை புரியாமல் நான் கதை சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் கார் போன பிறகு அம்மா கேட்டது: “அந்தப் பிள்ளையை அவன் ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?”

எங்கள் வீட்டில் காதல் பற்றி அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கொஞ்ச நேரம் பேசினோம்.